விலகல் படிவம்

பெயர்ப்பலகையில் பெரிய எழுத்து:
மருத்துவ ஆய்வாளர் ஆதரவு நிலையம்.
நிலையம் என்றால்
எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடி,
இரண்டு கதிரை, ஒன்றுக்குக் கை இல்லை,
ஒரு குளிர்பெட்டி,
நான்.

டாக்டர்மார் கதவைப் பாதி திறந்து கேட்பார்கள்.
எத்தனை பேரைச் சேர்த்தால் போதும்?
எதிக்ஸ் கமிட்டி எப்ப கூடும்?
சிங்களப் படிவத்தை யார் பார்த்துத் தருவார்?
புள்ளிவிபரக்காரர் மட்டக்களப்பிலிருந்து
வியாழன் பஸ்ஸில் வருவார், பஸ் வந்தால்.
அதுவரை பதில் நான்தான்.

ஒரு காலை, கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
வெளிநோயாளர் வரிசைக்குள் வந்து
என் பையிலிருந்த கேள்விக்கொத்தை இழுத்துத் தின்றது.
நூற்றிப்பன்னிரண்டாம் ஆள், தரவு இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
'மான்' என்று எழுதினேன்.
பேராசிரியை யசோதினி சிவப்புப் பேனையால் வெட்டினார்.

இந்த ஆய்வு கால் புண்ணைப் பற்றியது.
சீனி வருத்தத்தோடு
வெறுங்காலில் உப்புத் தண்ணிக்குள் நிற்பவர்கள்.
நாற்பத்தேழாம் ஆள் மூன்றாம் வருகைக்கு வரவில்லை.
போனில் காற்று மட்டும் கேட்டது.
திருத்திய படிவத்தோடு
கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனேன்.
வலைக்குப் பக்கத்தில் இருந்தார்,
புண்ணை மணல் படாமல் தூக்கி வைத்தபடி.

"வாசி புள்ள."
வாசித்தேன். ஆறாம் பந்தி:
இந்த ஆய்வினால் உங்களுக்கு
நேரடிப் பயன் எதுவும் இல்லை.
"திரும்ப வாசி."
திரும்ப வாசித்தேன்.

வயிறு குலுங்கச் சிரித்தார்.
வீடு வருமெண்டு ஒரு கடதாசி,
அலைக்குப் பிறகு வள்ளம் வருமெண்டு ஒரு கடதாசி,
மச்சான் எங்கெயெண்டு சொல்லுவமெண்டு
மூணு பாஷையில ஒரு கடதாசி.
"எல்லாத்திலயும் சைன் வெச்சிருக்கன்.
உள்ளதச் சொன்ன கடதாசி இதுதான். பேனையத் தா."

அந்தப் பந்தியை எழுதியது நான்.
எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.
அது ஒரு நல்ல வசனம் என்று
அன்றுவரை எனக்குத் தெரியாது.

கார்த்திகை வாடையில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் தியேட்டருக்கு ஓடும், குழந்தைகள் வார்டுக்கு ஓடும்,
எங்கள் அறைக்கு வயர் இழுக்கவில்லை.
கேட்டு எழுதிய கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன, திகதி வாரியாக.
குளிர்பெட்டியின் சிவப்பு எண்:
மறை இருபது.
மறை பதினேழு.
முந்நூற்றுப் பத்துக் குப்பி இரத்தம்.
ஆதரவு நிலையத்தில் இருப்பவள்
யாருக்குப் போன் எடுப்பாள்?

எடுத்தேன்.
ஒரு மணித்தியாலத்தில் லொறி வந்தது,
மீன்வாடி ஐஸ் ஆறு பெட்டி,
மேலே நிலாவெளி உப்பு மூட்டை, அதன் மேலே அவர்.
"உப்புப் போட்டா ஐஸுக்கு இன்னும் குளிரும்,
படிச்சவங்களுக்குத் தெரியாதா?"
படித்திருக்கிறேன், எட்டாம் வகுப்பில்.
ஞாபகம் வரவில்லை.

டோர்ச் வெளிச்சத்தில் அடுக்கினோம்.
அறை முழுக்கச் சூரை மீன் வாசம்.
மறை பதினெட்டில் எண் நின்றது.
"இதில என்ட எது?"
எனக்கும் தெரியாது என்றேன்.
குப்பிகளுக்கு வேறு இலக்கம்,
பட்டியல் பேராசிரியையின் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது,
தெரிந்தாலும் சொல்லக் கூடாது.
"அப்ப சரி" என்று
எல்லாவற்றுக்கும் மேலே
இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டார்.

காலையில் படிவம் நிரப்பினேன்.
விலகல்: மாதிரிகள் மீன் ஐஸில், ஒன்பது மணித்தியாலம்.
உதவியவர்: பெயர் எழுதக் கூடாது.
செலவு: வாங்க மறுத்துவிட்டார்.
மான் போல இதுவும் வெட்டுப்படும் என்று
சிவப்புப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேராசிரியை இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"உப்பு எத்தனை கிலோ?" என்று கேட்டார்.